பதினோரு மணி வகுப்புக்கு ஒரு ஹெட்செட்

ஜூன் 2, திங்கள்

பல வருடங்களுக்கு முன்னால், அரையாண்டுத் தேர்வு முடிந்து தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எங்களுக்குத் தெரியாத விடை உங்களுக்குத் தெரியும். பக்கத்துலயே நிக்கிய. எப்படி டீச்சர் சொல்லாம இருக்க முடியுது?"

"பழகிட்டுது" என்று சொல்லிச் சிரித்தேன். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் ஆசிரியை. நான் கண்காணிப்பாளராக நின்ற அறையில் ஒரு பிள்ளையும் பக்கத்துத் தாளைத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று காலை அந்தப் பெண்ணின் கேள்வி ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

இன்று என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கால் ஓரளவு திரும்பிவிட்டது. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரிகிறது. சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் வருவதில்லை. இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, கடைசி சீட்டில் தூங்குபவரையும் எழுப்பிய குரல்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி இந்தப் பயிற்சியைக் கம்ப்யூட்டர் வழியாக இலவசமாகத் தருகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பதினோரு மணி, ஆறு வாரம். முதல் நாள் ஒரு தேர்வு, கடைசி நாள் ஒரு தேர்வு. முன்னேற்றம் இருந்தால் இன்னும் பன்னிரண்டு வாரம் கொடுப்பார்கள். இல்லையென்றால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெளியே பணம் கட்டிப் பார்ப்பது எங்களால் முடியாது. ஆகவே ஜூலை 11-ஆம் தேதிதான் எங்கள் தேர்வு நாள்.

பயிற்சியாளர் பெயர் ரிஸ்வானா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவசரமே இல்லாத குரல். இருபது படங்கள் காட்டிப் பெயர் கேட்டார். நாய், பஸ், மீன், சாவி, குடை, பூட்டு, கத்தரிக்கோல் என்று. நான் மேசையின் ஓரத்தில், கேமராவில் விழாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்றுதான். இருபதுக்குப் பதினான்கு! நான் எதிர்பார்க்கவே இல்லை. வழக்கம்போல இருபது பெயரையும் இந்த நோட்டில் எழுதி, சரியானதற்கு டிக் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டு மூன்று இடத்தில் 'கு', 'பூ' என்று முதல் எழுத்து என் வாயிலிருந்து தானாக வந்திருக்கலாம். அதை உதவி என்று சொல்ல முடியாது.

முடிவில் ரிஸ்வானா சொன்னார்: "டீச்சர், சாருக்கு ஒரு ஹெட்செட் வாங்குங்க. ரெண்டு காதையும் மூடுற மாதிரி. வயர் இல்லாதது. போகப் போக அவரை எந்திரிச்சு நடக்கச் சொல்லுவேன்."

லேப்டாப் ஓசூரில் இருக்கும் மகனுடைய பழையது. ஸ்பீக்கர் கரகரக்கிறது. வாங்கத்தான் வேண்டும். இரண்டாயிரத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

பழைய போனுக்கு வந்த வயர் உள்ள இயர்போனை மாட்டிப் பார்த்தோம். உணர்வில்லாத வலது கை வயரில் சிக்கிக்கொண்டது அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் எடுக்கத் திரும்பினார். லேப்டாப்பே மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டது. நான் பிடித்தேன். இயர்போனின் முனை மட்டும் லேப்டாப்புக்குள் முறிந்து நின்றது. ஊக்கால் அதை எடுக்க முக்கால் மணி நேரம்.

வயர் இல்லாததுதான். ரிஸ்வானா சொன்னது சரி.

ஜூன் 5, வியாழன்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இசக்கியம்மாள் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சென்னையில் ஒரு கால் சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். "ஹெட்செட்டா? அதை மாட்டி மாட்டித்தான் எனக்கு இந்த இடத்துல முடி கொட்டுச்சு" என்று தலையின் உச்சியைக் காட்டினார்.

கழுத்தில் போட்டுக்கொள்ளும் வகை ஒன்று எழுநூற்றைம்பது ரூபாய். பாட்டுப் போட்டுக் காட்டினார். தெளிவாக இருந்தது.

"டீச்சர், பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும். பேசுனாத்தான் தெரியும். சரிப்படலன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க, மாத்திக்கிடலாம். பெட்டியைக் கிழிச்சிராதிய."

ஜூன் 6, வெள்ளி

இசக்கியம்மாள் சொன்னதே நடந்தது. பாட்டு அருமை. அழைப்பு தொடங்கியதும் ரிஸ்வானாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. போனில் கேட்டேன். இசக்கி விளக்கினார். எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்: ப்ளூடூத் என்பது ஓர் ஒற்றைத் தடப் பாலம். பாட்டு ஒரு பக்கம் மட்டும் போகிறது. முழுப் பாலமும் அதற்குத்தான். நாம் மைக்கில் பேச ஆரம்பித்தால் எதிர்ப் பக்கத்துக்கும் வழி விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒடுங்கி, குரல் தேய்ந்துபோகிறது. பழைய லேப்டாப்பில் இது இன்னும் மோசம்.

வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதருக்குத் தேய்ந்த குரல் ஆகாது. 'ப'வுக்கும் 'த'வுக்கும் வித்தியாசம் காதில் விழ வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஜூன் 9, திங்கள்

கழுத்து ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு, காதுக்குள் செருகும் சின்ன வகையை எடுத்து வந்தேன். குரல் பரவாயில்லை. ஆனால் பக்கவாதம் வந்த பக்கத்துக் காதில் நிற்கவில்லை. ஒன்று சாம்பார் கிண்ணத்தில் விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். நானும்.

ஜூன் 10, செவ்வாய்

பெரிய ரப்பர் போட்டுப் பார்த்தேன். நின்றது. ஆனால் இது காதை அடைத்துக்கொள்வதால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. ஆபத்து. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஹெட்செட் இல்லாமல், ஸ்பீக்கரிலேயே இரண்டு நாளாக ஓட்டுகிறோம். நன்றாகத்தான் போகிறது. இன்று பத்துக்கு எட்டு.

இன்று ஒரு விசேஷம். ரிஸ்வானா, "சார், உங்க ரூட்டைச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். "வண்ணார்பேட்டை, பாளை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், புதுக்குடி, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர்" என்று கடகடவென்று ஒப்பித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே ரிஸ்வானா, "கருங்குளத்துல இறங்குறவங்க உங்ககிட்ட என்ன கேப்பாங்க?" என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

மனப்பாடம் வேறு, பேச்சு வேறு என்று ரிஸ்வானா விளக்கினார். எனக்கு அது தெரியாதா? வாய்ப்பாடு முழுவதும் ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று நடுவில் கேட்டால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வரும்.

"சில்லறை" என்று நான் மெல்லச் சொன்னேன். "சில்லறை" என்றார் அவர்.

ரிஸ்வானா எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "டீச்சர், அந்த நேரத்துல நீங்க பக்கத்து ரூம்ல இருக்கலாமே. ஹெட்செட் என்னாச்சு?" என்று கேட்டார். என் முழங்கால் வலியை நினைத்துச் சொல்லியிருப்பார். நல்ல மனசு.

ஜூன் 13, வெள்ளி

பத்துக்கு ஒன்பது. ஆனால் மத்தியானம் அவருக்கு என்னவோ வேண்டியிருந்தது. ஜன்னலைக் காட்டினார். "திறக்கவா? மூடவா? வெயிலா? யாரும் வந்திருக்காங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்காவது கேள்விக்கே கையைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசி வரை என்ன என்று தெரியவில்லை.

காலையில் ஒன்பது வார்த்தை சொன்னவர், மத்தியானம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. இதை எழுதிவிட்டு நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி இசக்கியின் கடை. உள்ளே நுழைந்ததுமே, "டீச்சர், நீங்க ஹெட்செட் வாங்க வாரியளா, இல்ல ஹெட்செட்டுக்குப் பரீட்சை வைக்க வாரியளா?" என்றார்.

"ரெண்டும்தான். பாஸாகிறதை வாங்குவேன்" என்றேன்.

"அப்ப வினாத்தாளைச் சொல்லுங்க."

சொன்னேன். காதிலிருந்து விழக்கூடாது. பட்டன் எல்லாம் இடது பக்கம் இருக்க வேண்டும். வலது கை உதவாது. மைக் வாய்க்குப் பக்கத்தில் வர வேண்டும், அவர் குரல் மெலிந்துவிட்டது. அழைப்பில் குரல் தேயக்கூடாது. கண்ணாடி போட்டிருக்கும்போது காதை அழுத்தக்கூடாது. இரண்டாயிரத்தைத் தாண்டக்கூடாது.

இசக்கி கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு கறுப்பு ஹெட்செட்டோடு வந்தார். தலையைச் சுற்றி வளையம், இரண்டு காதுக்கும் மெத்தை, வாய்வரை நீளும் மைக். கூடவே லேப்டாப்பில் செருகும் ஒரு பொடி ரிசீவர். அந்த ரிசீவர் இருப்பதால் ஒற்றைத் தடப் பாலத் தொல்லை இல்லை. அதற்கென்று தனிச் சாலை.

"புதுசு நாலாயிரத்துக்கு மேல ஆவும். இது ஒரு ஆபீஸை மூடும்போது வந்த சரக்கு. மெத்தையும் பேட்டரியும் புதுசு போட்டிருக்கேன். ஆயிரத்தித் தொள்ளாயிரம். ஆறு மாசம் நான் பொறுப்பு."

கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே இசக்கியின் போனுக்கு ஓர் அழைப்புப் போட்டு, நான் மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பேசினேன். ஆட்டோ சத்தம், பூக்காரம்மா சத்தம் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லையாம். இசக்கியின் குரல் என் தலைக்குள்ளேயே இருந்தது. குறை கண்டுபிடிக்க முயன்றேன்.

"ரெண்டு காதையும் ரொம்ப மூடுதே. பக்கத்துல நான் சொல்றது அவருக்குக் கேக்காதே" என்றேன்.

இசக்கி சிரிக்காமல் கேட்டார்: "நீங்க என்ன டீச்சர் சொல்லப் போறிய? பேசப் போறது சாரும் அந்த டாக்டரம்மாவும்தான?"

பணத்தைக் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாட்டிவிட்டேன். கண்ணாடிக் கம்பிக்கு மேலே மெத்தை சரியாக உட்கார்ந்தது. மைக்கை நல்ல பக்கமான இடது பக்கம் திருப்பி வைத்தேன். பதினோரு மணிக்கு ரிஸ்வானா திரையில் வந்து உதட்டை அசைத்தார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

இன்று படம் எதுவும் காட்டவில்லை. எல்லாம் காதுக்குள் கேள்வி. என்ன கேள்வி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. உதடு குவிந்தது, பிரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. வகுப்பில் நாற்பது விநாடி மௌனம் இருந்தால் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்ப்பார்.

"என்னங்க, என்ன கேக்காங்க?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். திரும்பாமலே இடது கையால் என் கையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் மூன்று வார்த்தை. மூன்றே மூன்று.

ஜூன் 18, புதன்

இரண்டு வார்த்தை.

ஜூன் 19, வியாழன்

நான்கு. ஒன்று தப்பு. 'சீப்பு' என்பதற்கு 'சோப்பு' என்றார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டார். உடையவில்லை. நான் எடுத்துத் துடைத்து, ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் வைத்தேன். சொல்ல நிறைய இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, ஒற்றைக் கையால், தானே மாட்டிக்கொண்டார். வளையம் கோணலாக இருந்தது. அதையும் நான் சரிசெய்யவில்லை.

ஜூன் 23, திங்கள்

நடைப் பயிற்சி தொடங்கியது. ரிஸ்வானா காதுக்குள் சொல்ல, இவர் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பொருளை எடுத்து அதன் பெயரைச் சொல்ல வேண்டும். வயர் இல்லாததன் அருமை இன்றுதான் தெரிந்தது. ஆனால் அடுப்படிச் சுவரைத் தாண்டியதும் குரல் விட்டு விட்டு வந்திருக்கிறது. கரண்டியோடு நடுவழியில் நின்று என்னை முறைத்தார், நான்தான் குரலைப் பிடித்து வைத்ததுபோல.

இசக்கியிடம் கேட்டேன். "ரிசீவரை லேப்டாப்புக்குப் பின்னால ஒளிச்சு வைக்காதிய டீச்சர். ஒரு முழ நீட்டிப்பு வயர் வாங்கி, வாசக்காலைப் பாத்த மாதிரி உசரத்துல கெட்டுங்க. ரேடியோ ஏரியல் மாதிரிதான்." அறுபது ரூபாய் வயர். ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டினேன். அடுப்படி, வாசல், புறவாசல் வரைக்கும் குரல் போகிறது.

ஜூன் 26, வியாழன்

நான் புறவாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படியில் நின்று, தனக்குள் பேசுவதுபோல, "ச... ச... சட்டி. சட்டி. இது... மூடி" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

ஈரத் துணியோடு அப்படியே நின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

பத்து மணி ஐம்பதுக்கு அவர் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் மேசையோரம் நாற்காலியை இழுத்தேன். அவர் கதவைக் காட்டினார்.

"என்ன, காத்து வரலியா?" என்றேன்.

"நீ..." என்றார். காத்திருந்தேன். எனக்கு விடை தெரியும். வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "நீ... போ... வெளிய."

ஐந்து மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் முழு வாக்கியம். அடுப்படிக்குப் போய் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். கீரையில் ஒரு காம்புகூட இல்லாதபடி ஆய்ந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் துவரம்பருப்பு, அரைக்கீரைக் கூட்டு. ஹெட்செட் சார்ஜ் ஒரு முறை போட்டால் மூன்று நாள் வகுப்புக்குத் தாங்குகிறது. மெத்தையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, காய்ந்த துணிதான் என்று இசக்கி சொல்லியிருக்கிறார்.

ஒரு வாரமாக ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஜூலை 9, புதன்

வெள்ளிக்கிழமை தேர்வு. அவர் நாலு வார்த்தையைச் சேர்த்துப் பேசுகிறார். பால்காரரிடம் "நாளைக்கு... ரெண்டு பாக்கெட்... போடுங்க" என்றார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

தேர்வு. அவர் உள்ளே, நான் அடுப்படியில். முடிந்ததும் அவர் வெளியே வந்து, பத்து விரல் காட்டமுடியாமல் இடது கையை இரண்டு தரம் விரித்து, பிறகு ஒரு விரல் காட்டினார். பதினொன்று. முகம் முழுக்கச் சிரிப்பு.

இருபதுக்குப் பதினொன்று. அத்தனையும் அவர் சம்பாதித்தது. ஜூன் 2-இல் பதினான்கு. தாளில் பார்ப்பவருக்கு இவர் பின்னால் போயிருக்கிறார். முன்னேற்றம் இல்லை. இடம் அடுத்தவருக்கு.

அந்தக் கணக்கை இப்போது எழுதுகிறேன். ஜூன் 2-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். டிக் போட்ட பதினான்கு பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குடை: நான் 'கு' என்றேன். பூட்டு: 'பூ'. கத்தரிக்கோல்: 'கத்த' வரைக்கும் நானே. செருப்பு, மணி, யானை, தேங்காய், தொப்பி, நாற்காலி, கரண்டி, எல்லாமே நான் எடுத்துக் கொடுத்தவை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் சொன்னவை நாய், பஸ், மீன், சாவி. நான்கு.

'இரண்டு மூன்று இடத்தில்' என்று எழுதியிருக்கிறேன். பத்து இடத்தில். அந்தப் பத்து மதிப்பெண்தான் இன்று அவருடைய பன்னிரண்டு வாரத்தைப் பறிக்கப் போகிறது.

காதுக்குள் செருகும் ஹெட்செட்டை நான் திருப்பிக் கொடுத்தது காஸ் அடுப்புக்காக இல்லை.

ஜூலை 12, சனி

காலையிலேயே ரிஸ்வானாவுக்குப் போன் செய்தேன். விடுமுறை நாள். "ஒரு தப்பு நடந்துபோச்சு. முதல் தேர்வுல நான் சொல்லிக் கொடுத்தேன். பத்து வார்த்தை. அவர் சொந்தமாச் சொன்னது நாலுதான்" என்றேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துப் படித்தேன்.

"சந்தேகம் இருந்துச்சு டீச்சர். நேத்து சாயங்காலம் முதல் நாள் வீடியோப் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சாருக்குப் பின்னாடி உங்க பீரோ கண்ணாடி இருக்கு பாருங்க, அதுல நீங்க தெரியிறீங்க. முக்காவாசிப் படத்துக்கு உங்க வாய்தான் முதல்ல திறக்குது."

மானம் போயிற்று. கேமராவில் விழாத இடம் என்று நான் தேர்ந்தெடுத்த இடம்!

"அப்பவே என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாமேம்மா."

"முதல் நாளே ஹெட்செட் கேட்டேன். பக்கத்து ரூம்னும் சொல்லிப் பார்த்தேன். அதுக்கு மேல, என் வயசுக்கு, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு." பிறகு சொன்னார்: "நான் வாயால சொன்னா பெரிய டாக்டர் ஒத்துக்க மாட்டாங்க டீச்சர். எந்தெந்த வார்த்தைன்னு நீங்க எழுதிக் கொடுங்க. சாரும் கையெழுத்துப் போடணும். வீடியோவோட சேர்த்து வைக்கிறேன். முடிவு அவங்க கையிலதான். உறுதியாச் சொல்ல முடியாது."

ஜூலை 13, ஞாயிறு

கோவிலிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன். எத்தனையோ பிள்ளைகளிடம் விளக்கக் கடிதம் வாங்கியிருக்கிறேன். 'இனிமேல் இவ்வாறு செய்யமாட்டேன்' என்ற வரி இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன். அந்த வரியை எழுதும்போது கை எவ்வளவு கனக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

முடித்துவிட்டு அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஹெட்செட் இல்லாமல், நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். 'குடை, பூட்டு, கத்தரிக்கோல்' என்று பட்டியல் வந்தபோது தலையாட்டினார். அவருக்கு முதல் நாளே தெரியும். தெரியாமலா இருக்கும்? பதினான்கு என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பார்த்து, அவர் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். உதடு குவிந்தது.

"பி..." என்றார். நான் அசையவில்லை. "பிட்டு..." மறுபடி நின்றது. தேடுகிறார். கழுத்து நரம்பு புடைத்தது. "பிட்டு... குடுத்த... டீச்சரு!"

சொல்லிவிட்டு அவரே உடம்பு குலுங்கச் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சொன்ன முதல் கேலி. என்னைப் பார்த்து. நானும் சிரித்தேன், அழுதேன், மூக்கைத் துடைத்தேன்.

இடது கையால் கையெழுத்துப் போட்டார். 'சா. செல்லையா'. கோழி கிண்டியதுபோல இருந்தது. அழகாக இருந்தது.

ஜூலை 16, புதன்

பதில் இல்லை. பதினோரு மணிக்கு அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டுப் பொருள்களின் பெயரைத் தானே சொல்லிக்கொண்டார். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வீட்டில் பதினோரு மணி வகுப்பு நடக்கும் என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ரிஸ்வானா அழைத்தார். என்னிடம் பேசவில்லை. அவரிடம் பேசினார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவர் பங்கு மட்டும்தான் எனக்குக் கேட்கும்.

"ம்."

"ம்... ஆமா."

"எத்தன... வாரம்?"

நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்ல. அவ... வெளிய... இருப்பா." பிறகு, "நல்லவதான். வாய்... மட்டும்... கொஞ்சம்."

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துப் பொங்கியது. திரும்பாமல் கையை நீட்டி அணைத்தேன்.

"பன்... பன்னெண்டு வாரம்" என்றார். "திங்கக்கெழம... தொடங்குது."

ஜூலை 25, வெள்ளி

வீட்டில் பேச்சிழந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மற்றக் குடும்பங்களுக்கு இந்த நோட்டின் பக்கங்களை அனுப்பலாமா என்று ரிஸ்வானா கேட்டார். "பீரோ கண்ணாடியும் சேத்தா?" என்றேன். "அதுதான் முக்கியம் டீச்சர்" என்றார். சரி என்றேன்.

ஆகவே இது உங்களுக்கு. ஹெட்செட் வாங்க நினைத்தால் வயர் இல்லாதது, தனி ரிசீவர் உள்ளது, மைக் வாய்க்குப் பக்கத்தில் வருவது, இரண்டு காதையும் மூடுவது என்று கேளுங்கள். அழைப்பில் பேசிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பாட்டை நம்பாதீர்கள். ஆபீஸ்களில் கழித்த சரக்கு கிடைத்தால் மெத்தையும் பேட்டரியும் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இவ்வளவும் செய்தால் அவர்களுக்குக் குரல் நன்றாகக் கேட்கும்.

நமக்கு எதுவும் கேட்காது. அதுதான் கடினம். வாங்கியதில் எனக்கு அதிகம் பயன்பட்டதும் அதுதான்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் அவரிடம் ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள், கேட்டுவிட்டு, அவர் வாயிலிருந்து பதில் வரும்வரை உங்கள் உதடு அசையாமல் உட்கார்ந்திருங்கள்.